அடையாற்றில் பாடம் சொன்ன இத்தாலிய அம்மையார்

மாலை வேளையில் பெசன்ட் நகர் கடற்கரைக்குப் போய்ப் பாருங்கள். அலை வந்து திரும்பிய ஈர மணலில் சிறு குழந்தைகள் விளையாடிக் கொண்டிருப்பார்கள். ஒரு குழந்தை விரலால் தன் பெயரை எழுதும். இன்னொரு குழந்தை மணல் வீடு கட்டும். மூன்றாவது குழந்தை ஒன்றும் செய்யாது. மற்ற இரண்டையும் பார்த்துக் கொண்டே நிற்கும். வீட்டுக்குப் போன பிறகு அதுவும் எழுதும்.

மூன்றும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளாகவே இருக்கலாம். ஆனால் அவை படிக்கும் விதம் மூன்று.

இந்த உண்மையைக் கண்டறிந்து, அதற்கு ஏற்றபடி பாடம் சொல்ல வழி வகுத்தார் ஓர் அம்மையார். அவர் இந்தக் கடற்கரைக்குப் பக்கத்திலே, அடையாற்றிலே வாழ்ந்தவர். பிறந்தது இத்தாலி நாட்டில். சென்னைக்கு வந்தது சில மாதங்கள் வகுப்பு நடத்துவதற்காக. ஆனால் ஏறக்குறைய ஏழு ஆண்டுகள் இந்த நாட்டிலேயே தங்கும்படி ஆயிற்று. எதிரி நாட்டுப் பிரஜை என்று சர்க்கார் அவரைக் காவலிலும் வைத்தது.

அந்த அம்மையார்தான் டாக்டர் மரியா மாண்டிசோரி.

ஒரே மகள்

1870-ம் ஆண்டு ஆகஸ்டு 31-ந் தேதி, இத்தாலியில் கியாரவல்லே என்ற சிற்றூரில் மரியா பிறந்தார். தந்தை சர்க்கார் உத்தியோகஸ்தர். தாய் படித்தவர், புத்தகங்களில் பிரியம் உள்ளவர். அவர்களுக்கு மரியா ஒரே மகள். 1875-ல் குடும்பம் ரோமாபுரிக்குக் குடியேறியது.

மகள் பள்ளிக்கூட உபாத்தியாயினி ஆக வேண்டும் என்று தந்தை ஆசைப்பட்டார். அந்தக் காலத்தில் படித்த பெண்ணுக்குத் திறந்திருந்த வழி அது ஒன்றுதான். மகளோ, எது ஆனாலும் ஆவேன், உபாத்தியாயினி மட்டும் ஆக மாட்டேன் என்றார். பின்னாளில் உலகமே ஆசிரியை என்று கொண்டாடப் போகும் பெண் அப்படிச் சொன்னார்!

மரியாவுக்குக் கணக்கில் ஆசை. பையன்கள் படிக்கும் தொழிற்கல்விப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்து படித்தார். பிறகு டாக்டர் ஆக வேண்டும் என்றார். தந்தைக்கு அது பிடிக்கவில்லை. தாய் மட்டும் மகளின் பக்கம் நின்றார்.

வைத்தியக் கல்லூரியில் ஆண்களோடு சேர்ந்து பிணத்தை அறுத்துப் பார்ப்பது ஒரு பெண்ணுக்குத் தகாது என்று சொல்லி விட்டார்கள். மற்ற மாணவர்கள் எல்லோரும் போன பிறகு, மாலையில் தனியாக அந்த அறையில் இருந்து மரியா பாடம் படித்தார். 1896-ல் பட்டம் பெற்றார். இத்தாலியின் முதல் பெண் டாக்டர்களுள் அவரும் ஒருவர்.

ரொட்டித் துணுக்கு

டாக்டர் ஆன பிறகு, ரோமாபுரியில் மனநோய் மருத்துவமனைகளுக்குப் போய் வந்தார். அங்கே புத்தி மந்தம் என்று சொல்லப்பட்ட குழந்தைகளையும் பெரியவர்களோடு அடைத்து வைத்திருந்தார்கள்.

அவரைப் பற்றிச் சொல்லப்படும் ஒரு சம்பவம் உண்டு. ஓர் அறையில் குழந்தைகள் அடைபட்டிருந்தார்கள். சாப்பாடு முடிந்ததும் அவர்கள் தரையில் கிடந்த ரொட்டித் துணுக்குகளை ஓடி ஓடிப் பொறுக்கினார்கள். காவல் பார்த்த பெண், என்ன கேவலமான ஜன்மங்கள் என்று அருவருப்போடு சொன்னாள். மாண்டிசோரி அறையைச் சுற்றிப் பார்த்தார். நான்கு சுவரைத் தவிர அங்கே வேறு ஒன்றுமே இல்லை. விளையாடப் பொம்மை இல்லை. கையில் எடுக்க ஒரு துரும்புகூட இல்லை. இந்தக் குழந்தைகள் பசியால் துணுக்கைப் பொறுக்கவில்லை. கைக்கு ஏதாவது வேலை வேண்டும் என்று தவிக்கிறார்கள் என்று அவருக்குப் பட்டது.

கை பட்டினி கிடந்தால் புத்தியும் பட்டினி கிடக்கும். அவருடைய வழி முழுவதும் இந்த ஓர் எண்ணத்தில் இருந்து கிளைத்ததுதான்.

பிரான்சு நாட்டு டாக்டர்கள் இருவர், இட்டார், செகுவின் என்பவர்கள், அவருக்கு முன்பே இப்படிப்பட்ட குழந்தைகளுக்குப் பாடம் சொல்லிப் பார்த்திருந்தார்கள். அவர்களுடைய நூல்களை மாண்டிசோரி தேடிப் படித்தார். தம் கையாலேயே மொழிபெயர்த்து எழுதிக் கொண்டார். 1900-ல் ரோமாபுரியில் தொடங்கிய ஒரு சிறப்புப் பள்ளிக்கூடத்தில் பகலெல்லாம் அந்தக் குழந்தைகளோடு இருந்தார். தொட்டுப் பார்க்கவும், எடுத்து அடுக்கவும், தடவி உணரவும் சாமான்கள் செய்து கொடுத்தார். புத்தி மந்தம் என்று ஒதுக்கப்பட்ட அந்தக் குழந்தைகளில் சிலர் எழுதப் படிக்கக் கற்று, சாதாரணக் குழந்தைகள் எழுதும் பரீட்சையையே எழுதித் தேறினார்கள்.

எல்லோரும் அவரைப் பாராட்டினார்கள். அவருக்கோ வேறு கவலை வந்தது. குறை உள்ள குழந்தைகளே இவ்வளவு கற்க முடியும் என்றால், நல்ல புத்தி உள்ள குழந்தைகள் ஏன் இவ்வளவுதான் கற்கிறார்கள்? பெஞ்சியில் கட்டிப் போட்டது போல் உட்கார வைத்துச் சொல்லித் தருவதால்தானோ?

மகனைப் பிரிந்தார்

இந்தப் புகழுக்கு நடுவே ஒரு துயரமும் இருந்தது.

1898-ல் மாண்டிசோரிக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்தது. தகப்பனார், அவரோடு வேலை பார்த்த ஒரு டாக்டர். அவர்களுக்கு விவாகம் நடக்கவில்லை. அந்தக் காலத்து இத்தாலியில், விவாகம் ஆகாமல் தாயானாள் என்று தெரிந்தால் அந்தப் பெண்ணின் உத்தியோகம் அன்றோடு முடிந்து போகும். குழந்தையை நாட்டுப்புறத்தில் ஒரு குடும்பத்தில் வளர விட்டார்கள். குழந்தையின் பெயர் மரியோ.

தாய் அவ்வப்போது போய்ப் பார்த்து வருவார். தாய் என்று சொல்லிக் கொள்ள மாட்டார். ஊரார் குழந்தைகளுக்கு எல்லாம் தாயாக இருந்தவருக்குத் தம் குழந்தையை மடியில் வைத்து அகரம் சொல்லித் தரக் கொடுத்து வைக்கவில்லை. 1912 டிசம்பரில் அவருடைய தாயார் காலமானார். அதன் பிறகுதான் மரியோவைத் தம்மோடு அழைத்துக் கொண்டார். அப்போது பையனுக்கு ஏறக்குறைய 15 வயது. அப்போதும் வெளியாரிடம் உறவுக்காரப் பையன் என்றோ, வளர்ப்பு மகன் என்றோதான் சொல்லி வந்தார்.

குழந்தைகள் வீடு

1907-ம் ஆண்டு ஜனவரி 6-ந் தேதி. ரோமாபுரியில் ஏழைகள் வாழும் சான் லொரென்சோ என்ற பகுதி. அங்கே ஒரு கம்பெனி பழைய வீடுகளைப் பழுது பார்த்து வாடகைக்கு விட்டிருந்தது. தாய் தகப்பன் கூலி வேலைக்குப் போய் விடுவார்கள். பிள்ளைகள் படியிலும் முற்றத்திலும் ஓடிச் சுவரெல்லாம் கிறுக்கும். சுவர் பாழாகிறதே என்று கம்பெனிக்குக் கவலை. பிள்ளைகளை ஓர் அறையில் கூட்டி வைத்துப் பார்த்துக் கொள்ளும்படி மாண்டிசோரியைக் கேட்டார்கள். ஏறக்குறைய 50 குழந்தைகள். பள்ளிக்கூடம் போகிற வயது வராத பிள்ளைகள். அந்த இடத்துக்குக் குழந்தைகள் வீடு என்று பெயர் வைத்தார்கள்.

குழந்தையின் உயரத்துக்குச் சிறு மேஜை, சிறு நாற்காலி செய்ய வைத்தார் மாண்டிசோரி. சாமான்களைக் குழந்தைகளுக்கு எட்டும் உயரத்தில் அடுக்கினார். பிறகு அவர் செய்த பெரிய காரியம், சும்மா இருந்து கவனித்ததுதான்.

மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி, மரக்கட்டையில் உள்ள குழிகளில் அளவுக்கு ஏற்ற உருளைகளைப் பொருத்திக் கொண்டிருந்தாள். முடிந்ததும் எல்லாவற்றையும் கொட்டி விட்டு மறுபடியும் தொடங்கினாள். மாண்டிசோரி மற்றக் குழந்தைகளைச் சுற்றிலும் பாட வைத்தார். அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. நாற்காலியோடு தூக்கி மேஜை மேல் வைத்தார். உருளைகளை மடியில் அணைத்துக் கொண்டு, அங்கே உட்கார்ந்தும் தன் வேலையைத் தொடர்ந்தாள். நாற்பது தடவைக்கு மேல் செய்த பிறகு, தூங்கி எழுந்தவள் போல் முகம் மலர நிமிர்ந்தாள். குழந்தைக்கு ஒரு வேலையில் மனம் லயித்து விட்டால் இடையில் குறுக்கிடாதே என்ற பாடத்தை அந்தச் சிறுமிதான் மாண்டிசோரிக்குச் சொல்லிக் கொடுத்தாள்.

இன்னொரு நாள், மூக்குச் சிந்துவது எப்படி என்று குழந்தைகளுக்குச் செய்து காட்டினார். சிரிப்பார்கள் என்று நினைத்தார். அவர்களோ கை தட்டினார்கள். மூக்கு ஒழுகுகிறது என்று திட்டினவர்கள் உண்டு. எப்படித் துடைப்பது என்று பொறுமையாகச் சொல்லித் தந்தவர் அதுவரை யாரும் இல்லை.

கூரை மேல் எழுதிய சிறுவன்

எழுத்துச் சொல்லிக் கொடுத்த விதம் இது. உப்புத்தாளில் எழுத்துகளை வெட்டி அட்டையில் ஒட்டினார். குழந்தை விரலால் அந்தச் சொரசொரப்பைத் தடவும். தடவும்போதே அந்த எழுத்தின் ஒலியைச் சொல்லும். கண் பார்க்கிறது, காது கேட்கிறது, கை தடவுகிறது. எந்த வழியாக எந்தக் குழந்தைக்குப் பாடம் ஏறுமோ அந்த வழியாக ஏறட்டும் என்று மூன்று கதவையும் திறந்து வைத்தார்.

1907 டிசம்பரில் ஒரு நாள் வெயில் காய மொட்டை மாடியில் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். ஐந்து வயதுச் சிறுவனிடம் சுண்ணக்கட்டியைக் கொடுத்து, எதிரே தெரிந்த புகைபோக்கியை வரையச் சொன்னார் மாண்டிசோரி. வரைந்தான். நன்றாக இருக்கிறது என்றார். அவன் ஒரு கணம் திகைத்தான். தனக்கு எழுத வருகிறது என்று கூவிக் கொண்டே மண்டியிட்டு, தரையில் கை என்று எழுதினான். பிறகு புகைபோக்கி என்று எழுதினான். கூரை என்று எழுதினான். மற்றக் குழந்தைகளும் ஓடி வந்து சுண்ணக்கட்டி கேட்டார்கள். அன்று முதல் தரை, கதவு, சுவர் எல்லாம் எழுத்து மயம்!

செய்தி உலகம் எங்கும் பரவியது. 1909-ல் அவருடைய முதல் நூல் வெளிவந்தது. 1913-ல் அமெரிக்காவுக்குப் போனார். 1931-ல் லண்டனில் மகாத்மா காந்தி அவருடைய பயிற்சிக் கல்லூரிக்கு வந்து பேசினார். பணக்காரர் வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும் அல்லாமல், இந்தியாவின் பரம ஏழைப் பிள்ளைகளுக்கும் இந்தக் கல்வி கிடைக்க வேண்டும் என்பது அவர் கூறியதன் சாரம்.

ஆனால் சர்வாதிகாரிகளுக்குத் தாமாகச் சிந்திக்கும் குழந்தைகள் பிடிக்குமா? ஜெர்மனியில் ஹிட்லர் ஆட்சியும், இத்தாலியில் முசோலினி ஆட்சியும் அவருடைய பள்ளிக்கூடங்களை மூடின. மாண்டிசோரி ஸ்பெயினில் இருந்தார். 1936-ல் அங்கே உள்நாட்டு யுத்தம் மூண்டது. ஹாலந்து நாட்டுக்குப் போய்ச் சேர்ந்தார்.

அடையாறு அழைத்தது

பெசன்ட் நகருக்குப் பெயர் தந்த அன்னி பெசன்ட் அம்மையார் 1933-ல் காலமாகி விட்டார். அவரும் வீட்டிலே பாடம் கற்று வளர்ந்தவர்தான். எல்லென் மாரியட் என்ற மாது, உருப்போடச் சொல்லாமல், நடந்து போய் வந்த இடங்களையும் பார்த்த பொருள்களையும் பற்றி எழுதச் சொல்லி அவருக்கு மொழி கற்பித்தார். பெசன்ட் அம்மையாருக்குப் பின் பிரம்மஞான சபையின் தலைவராக இருந்தவர் ஜார்ஜ் அருண்டேல். அவருடைய மனைவிதான் கலாக்ஷேத்திராவை 1936-ல் நிறுவிய ருக்மிணி தேவி. இவர்களுடைய அழைப்பை ஏற்று, 1939 நவம்பரில் மாண்டிசோரி சென்னைக்கு வந்து இறங்கினார். கூடவே மரியோவும் வந்தார். மரியோவின் நான்கு குழந்தைகளையும் ஹாலந்திலே விட்டு விட்டு வந்தார்கள்.

அம்மையாருக்கு அப்போது வயது 69. அடையாற்றில் ஆல்காட் தோட்டத்தில் வகுப்பு நடந்தது. இந்தியாவின் பல பகுதிகளில் இருந்தும் ஏறக்குறைய 300 பேர் வந்து சேர்ந்தார்கள். அம்மையார் இத்தாலிய மொழியில் பேசுவார். மரியோ வாக்கியம் வாக்கியமாக இங்கிலீஷில் சொல்லுவார். மாணவர்கள் எழுதிக் கொள்வார்கள்.

காவலில் வைத்தார்கள்

1940 ஜூன் மாதம் இத்தாலி யுத்தத்தில் குதித்தது. அன்றைய பிரிட்டிஷ் சர்க்காருக்கு இத்தாலியர் எல்லோரும் எதிரிகள். மரியோவைப் பிடித்து அகமத்நகர் முகாமில் அடைத்தார்கள். வயதான அம்மையாரை அடையாறு சபைத் தோட்டத்தை விட்டு வெளியே போகக் கூடாது என்று கட்டுப்படுத்தினார்கள்.

ஒரு முறை ஊருக்குப் பயந்து மகனைப் பிரிந்த தாய், மறுமுறை யுத்தத்தால் பிரிந்தார். முன்பு பிரிந்தபோது தாய் என்று சொல்ல முடியவில்லை. இப்போது சொன்னாலும் கேட்பார் இல்லை.

ஆகஸ்டு 31-ந் தேதி வந்தது. அம்மையாருக்கு அன்று 70 வயது நிறைந்தது. அந்தப் பிறந்த நாளுக்குப் பரிசாக மகனை விடுதலை செய்வதாக வைஸ்ராயிடம் இருந்து தந்தி வந்தது. சர்க்கார் காகிதத்தில் மரியோ அவருடைய மகன் என்றே குறிக்கப்பட்டிருந்தது. 42 ஆண்டுகள் வெளியே சொல்லாத உறவை ஒரு தந்தி சொல்லி விட்டது. 

கோடைக்கானலில்

1942 முதல் 1944 வரை தாயும் மகனும் கோடைக்கானலில் தங்கினார்கள். அங்கே வெவ்வேறு வயதுக் குழந்தைகள் ஒன்றாகச் சேர்ந்து படித்தார்கள். இலங்கையில் இருந்து வந்த லேனா விக்கிரமரத்தினே என்ற அம்மையார் உடன் இருந்து உதவினார். மலையில் உள்ள செடி, கொடி, பூச்சி, கல் எல்லாமே பாடப் புத்தகம். பெரிய பிள்ளைகள் பூமி தோன்றிய கதையைக் கேட்பார்கள். பக்கத்தில் இருக்கும் சின்னப் பிள்ளையும் காதில் விழுவதைக் கேட்டுக் கொண்டிருக்கும். சொல்லிக் கொடுக்காமலே அதுவும் கற்கும்.

பிறகு அகமதாபாத்திலும் இலங்கையிலும் வகுப்புகள் நடந்தன. ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்கள் அவரிடம் பயிற்சி பெற்றார்கள். 1946-ல் ஐரோப்பாவுக்குத் திரும்பி, பேரப் பிள்ளைகளைக் கண்டார். மறு ஆண்டே மீண்டும் இந்தியாவுக்கு வந்தார். குழந்தையின் மனம் எப்படிச் சுற்றி இருப்பதை எல்லாம் உறிஞ்சிக் கொள்கிறது என்பது பற்றிய அவருடைய புகழ் பெற்ற நூல் 1949-ல் அடையாற்றிலேதான் அச்சாயிற்று.

நம் வீட்டில் என்ன செய்யலாம்?

மாண்டிசோரி சாமான்கள் விலை உயர்ந்தவை. அது நமக்கு எட்டாது என்று எண்ண வேண்டாம். விஜயதசமி அன்று தட்டில் அரிசியைப் பரப்பி, குழந்தையின் விரலைப் பிடித்து அகரம் எழுத வைக்கிறோமே, அதில் அவருடைய பாதிப் பாடம் இருக்கிறது. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் மணலில் விரலால் எழுதினதும் அதுதான். நாம் செய்கிற பிழை, அந்த ஒரு நாளோடு தட்டை எடுத்து வைத்து விடுவதுதான்.

எழுத்து வராத குழந்தைக்கு ஒரு தட்டில் மெல்லிய மணலோ ரவையோ பரப்பிக் கொடுங்கள். எழுதும்போது ஒலியையும் சொல்லச் சொல்லுங்கள். ண, ன, ந என்று குழம்புகிற குழந்தைக்கு அது மிகவும் உதவும்.

கணக்கு வராத குழந்தைக்குப் புளியங்கொட்டை கொடுங்கள். பத்து ஈர்க்குச்சியை ஒரு கட்டாகக் கட்டச் சொல்லுங்கள். பத்துக் கட்டு சேர்ந்தால் நூறு. நூறு என்பது வெறும் எழுத்து அல்ல, கையில் பிடிக்கிற கனம் என்று அதற்குப் புரியும்.

துவரை, உளுந்து, கொண்டைக்கடலை மூன்றையும் கலந்து வைத்துப் பிரிக்கச் சொல்லுங்கள். செம்பில் இருந்து தம்ளருக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள். சிந்தினால் திட்ட வேண்டாம். துணியைக் கொடுத்துத் துடைக்கச் சொல்லுங்கள். ஆனால் ஒன்று. எடுத்த சாமானை எடுத்த இடத்தில் வைக்க வேண்டும். பக்கத்தில் இருப்பவரைத் தொந்தரவு செய்யக் கூடாது. மாண்டிசோரி கொடுத்த சுதந்திரத்துக்கு இந்த இரண்டு வேலியும் உண்டு.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. இவன் காதால் படிக்கிறவன், அவள் கண்ணால் படிக்கிறவள் என்று முத்திரை குத்தி, ஒரே வழியில் மட்டும் சொல்லித் தரும் வழக்கம் இந்நாளில் பரவி இருக்கிறது. 2008-ல் அமெரிக்க மனநூல் அறிஞர்கள் நால்வர் இதைப் பற்றி வெளிவந்த ஆராய்ச்சிகளை அலசிப் பார்த்தார்கள். அப்படிப் பிரித்துச் சொல்லித் தருவதால் கல்வி கூடுகிறது என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று கண்டார்கள். ஆகவே குழந்தைக்குப் பட்டம் சூட்ட வேண்டாம். எல்லாக் குழந்தைக்கும் எல்லா வழியையும் திறந்து வையுங்கள். எந்தக் குழந்தைக்கு எவ்வளவு நேரம் வேண்டும், எதில் மனம் லயிக்கிறது என்பதைக் கவனியுங்கள்.

அண்ணன் ஒரு நாளில் கற்றதைத் தம்பி பத்து நாளில் கற்கலாம். அவனைப் பார், இவனைப் பார் என்ற பேச்சு மட்டும் வீட்டில் வேண்டாம். நீண்ட நாள் முயன்றும் எழுத்துக் கூடவில்லை என்றால், மக்கு என்று ஒதுக்காமல் கண்ணையும் காதையும் டாக்டரிடம் காட்டுங்கள். எழுத்துக் கூட்டுவதில் மட்டும் தடுமாறும் புத்திசாலிக் குழந்தைகளும் உண்டு. அவர்களுக்குத் தனிப் பயிற்சி அளிப்போர் சென்னையில் இருக்கிறார்கள்.

கடைசி நாள்

1952-ம் ஆண்டு மே 6-ந் தேதி. ஹாலந்தில் நோர்ட்வைக் என்ற கடற்கரை ஊர். 81 வயது அம்மையார் தோட்டத்தில் உட்கார்ந்து மகனோடு பேசிக் கொண்டிருந்தார். ஆப்பிரிக்கக் குழந்தைகளுக்காக அங்கே போய் ஆசிரியர்களைப் பயிற்றுவிக்க வேண்டும் என்பது பேச்சு. இந்த வயதில் அவ்வளவு தூரமா என்று மரியோ தயங்கினார். சற்று நேரத்துக்கெல்லாம் அம்மையாரின் உயிர் பிரிந்தது. அந்த ஊரிலேயே அவரை அடக்கம் செய்தார்கள். அவரை வெளியேற்றிய இத்தாலியே பின்னர் அவருடைய படத்தை ஆயிரம் லிரா நோட்டில் அச்சிட்டது. தாயின் பணியை மரியோ 1982-ல் தாம் இறக்கும் வரை நடத்தி வந்தார்.

தம் குழந்தையோடு இருக்க முடியாமல் போன காலத்தை அந்தத் தாய் மீண்டும் பெறவே இல்லை. நமக்கு அந்தத் துயரம் இல்லை. நம் குழந்தை இதோ, நம் வீட்டிலேயே இருக்கிறது. இன்று மாலை அரைமணி நேரம் அதன் பக்கத்தில் உட்காருங்கள். ஒன்றும் சொல்லித் தர வேண்டாம். அது என்ன செய்கிறது என்று பாருங்கள். பாடத்தை எங்கே தொடங்குவது என்பதை அதுவே உங்களுக்குக் காட்டி விடும்.